இரண்டு அட்டை, ஒரே சாவி: வலி மாத்திரைகளின் வேதியியல்



போன செமஸ்டரில் எங்கள் ஹாஸ்டல் அறையில் நடந்த ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அறை நண்பன் ஒருவன் வாலிபால் ஆடி முட்டியைத் திருகிக்கொண்டான். ஊருக்குப் போனபோது அங்கே ஒரு டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். திண்டுக்கல் திரும்பியும் வலி முழுசா விடவில்லை. மெடிக்கல் ஷாப்பில் போய், "அண்ணே, முட்டி வலிக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டு இன்னொரு அட்டையும் வாங்கி வந்தான். காலையில் அது, ராத்திரியில் இது என்று இரண்டும் ஓடியது. மூன்றாம் நாள் வயிறு எரிந்து மெஸ் சாப்பாட்டையே தொட முடியவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் இரண்டு அட்டையையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ரெண்டும் ஒரே குடும்பம்பா. டபுள் டோஸ் எடுத்திருக்க" என்றார்.

ஒரு அட்டையில் இருந்தது டைக்ளோஃபெனாக். இன்னொன்றில் அசெக்ளோஃபெனாக், கூடவே பாராசிட்டமால். கம்பெனி வேறு, கலர் வேறு, பெயரும் வேறு. "எப்படி மாப்ள தெரியும்? பேரே வேறயா இருக்கே!" என்றான் அவன். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டின் கட்டமைப்பையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால் ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதை வரையக் கற்றுக்கொள்வதுதான் இந்தக் கட்டுரை. முதலாம் ஆண்டு வேதியியல் போதும், பயப்பட வேண்டாம்.

முதலில் பூட்டைப் பார்ப்போம்

எமில் ஃபிஷர் 1894-ல் ஒரு உவமை சொன்னார்: நொதி ஒரு பூட்டு, அது வேலை செய்யும் மூலக்கூறு அதற்கான சாவி. பூட்டுக்குப் பேர் போன ஊரில் படிக்கிறோம், நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டின் உள்ளே லீவர்கள் இருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு பல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் சாவி உள்ளே போகும், ஆனால் திரும்பாது. "உள்ளே போகும், ஆனால் திரும்பாது" என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துகள் செய்வது அதைத்தான்.

நம்முடைய பூட்டின் பெயர் சைக்ளோஆக்சிஜனேஸ், சுருக்கமாக காக்ஸ். அடிபட்டதும் செல்லின் சவ்விலிருந்து அராகிடோனிக் அமிலம் என்ற 20 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலம் வெளியே வரும். காக்ஸ் அதைப் பிடித்து ஆக்சிஜன் சேர்த்துப் புரோஸ்டாகிளாண்டின் வகைப் பொருள்களுக்கான மூலப்பொருளாக மாற்றும். வீக்கம், சிவப்பு, வலி, காய்ச்சல் எல்லாவற்றிலும் புரோஸ்டாகிளாண்டினுக்குக் கை உண்டு. ஆஸ்பிரின் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971-ல் காட்டினார். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காக்ஸின் வேலை நடக்கும் இடம் ஒரு நீண்ட, குறுகலான சுரங்கம். நீளம் சுமார் 25 ஆங்ஸ்ட்ராம். உட்சுவர் பெரும்பாலும் எண்ணெய்ப் பசை மாதிரி, தண்ணீருக்கு ஒட்டாதது. இதில் நான்கு இடங்களை மட்டும் குறித்துக்கொள்வோம்:

1. ஆர்ஜினைன் 120: சுரங்க வாசல் பக்கம். நேர் மின்னேற்றம் உள்ளது.
2. டைரோசின் 385: சுரங்கத்தின் மேல் முனை. உண்மையான வினை நடக்கும் இடம்.
3. செரின் 530: டைரோசினுக்குப் பக்கத்திலேயே.
4. 523-ஆம் இடம்: சுவரின் ஓரம். இதன் கதை கொஞ்சம் கழித்து.

இன்னொரு விஷயம், பூட்டு ஒன்றல்ல, இரண்டு. காக்ஸ்-1 எப்போதும் வேலையில் இருப்பது. வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்ள உதவுவதும் அதன் வேலை. காக்ஸ்-2 பெரும்பாலும் வீக்கம் வந்தால் அதிகமாவது. வலியைக் குறைக்க காக்ஸ்-2-ஐ மூடினால் போதும். ஆனால் பழைய சாவிகள் இரண்டையும் சேர்த்து மூடிவிடுகின்றன. நண்பனின் வயிறு எரிந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆஸ்பிரின்: உள்ளே உடைந்த சாவி

ஆஸ்பிரின் என்பது சாலிசிலிக் அமிலத்தின் மேல் ஒரு அசிட்டைல் தொகுதி. சுரங்கத்துக்குள் போனதும் அந்த அசிட்டைலைக் கழற்றி செரின் 530-இன் மேல் ஒட்டிவிட்டு மீதி வெளியே வந்துவிடும். சாவியின் பல் பூட்டுக்குள்ளேயே உடைந்து மாட்டிக்கொண்ட கதை. அந்த காக்ஸ்-1 மூலக்கூறு அதோடு முடிந்தது. புதிய வலிப்பொருள் வேண்டுமென்றால் செல் புதிய நொதியைத்தான் செய்ய வேண்டும்.

ரத்தத் தட்டுகளுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்ய முடியாது. அதனால் தட்டின் ஆயுள் முழுவதும், அதாவது 7 முதல் 10 நாள், விளைவு நீடிக்கும். இதய நோயாளிகளுக்கு தினமும் 75 மி.கி. போன்ற சின்ன அளவே போதும் என்பதன் ரகசியம் இதுதான்.

ஐபுபுரூஃபன்: இடம் பிடித்து உட்காருவது

ஐபுபுரூஃபனில் ஒட்டிவிட எதுவும் இல்லை. அதன் ஒரு முனையில் கார்பாக்சில் தொகுதி. உடம்பின் பி.எச். அளவில் அது ஹைட்ரஜனை இழந்து எதிர் மின்னேற்றம் பெறும். வாசலில் நேர் மின்னேற்றத்தோடு நிற்கும் ஆர்ஜினைன் 120 அதைக் கையைப் பிடித்து உட்கார வைக்கும். மறு முனையில் இருக்கும் கிளைத்த கார்பன் சங்கிலி எண்ணெய்ப் பசைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடும்.

பரீட்சைக்குப் படிப்பவர்கள் கவனிக்க: இது போட்டித் தடுப்பு. லைன்வீவர்-பர்க் வரைபடம் போட்டால் உச்ச வேகம் மாறாது, கே.எம். மட்டும் கூடும். ஆஸ்பிரினில் நொதியே செத்துப்போவதால் உச்ச வேகமே குறையும்.

இதில் ஒரு வீட்டு விஷயமும் இருக்கிறது. தாத்தா இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறார், முட்டி வலிக்கு ஐபுபுரூஃபனும் போடுகிறார் என்று வையுங்கள். ஐபுபுரூஃபன் முதலில் போய் உட்கார்ந்துவிட்டால் ஆஸ்பிரினால் செரின் 530-ஐத் தொட முடியாது. அது காத்திருக்கும் நேரத்தில் உடம்பு ஆஸ்பிரினைச் சிதைத்துவிடும். இதயத்துக்கான பாதுகாப்பு குறையலாம். இரண்டும் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் எந்த இடைவெளியில் எடுப்பது என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டைக்ளோஃபெனாக்: முறுக்கிய சாவி

இப்போது பேப்பரை எடுங்கள். ஒரு பென்சீன் வளையம் போடுங்கள். அதில் ஒரு என்.எச். பாலம். பாலத்தின் மறுபுறம் இன்னொரு பென்சீன் வளையம். முதல் வளையத்தில், பாலத்துக்கு இரு பக்கமும் ஒட்டி ஒவ்வொரு குளோரின். இரண்டாவது வளையத்தில், பாலத்துக்கு அடுத்த இடத்தில் அசிட்டிக் அமிலத் துண்டு. இதுதான் டைக்ளோஃபெனாக்.

அந்த இரண்டு குளோரின் ஏன் அங்கே? குளோரின் பெரிய அணு. இரண்டு வளையமும் ஒரே தளத்தில் படுத்தால் குளோரின்கள் போய் இடித்துக்கொள்ளும். அதனால் வளையங்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 70 டிகிரி முறுக்கிக்கொள்கின்றன. சிபா-கைகி நிறுவனத்தில் ஆல்ஃபிரட் சால்மன் குழுவினர் இந்த முறுக்கை வேண்டுமென்றே திட்டமிட்டார்கள். அன்றைக்குத் தெரிந்திருந்த வலி மருந்துகளை ஒப்பிட்டு, முறுக்கிய இரண்டு வளையம், மிதமான அமிலத்தன்மை, எண்ணெயிலும் தண்ணீரிலும் அளவாகக் கரையும் தன்மை என்று பட்டியல் போட்டு வடிவமைத்தார்கள். 1974-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. காக்ஸ் நொதியின் முப்பரிமாணப் படம் முதன்முதலில் வெளியானது 1994-ல்! பூட்டைப் பார்க்காமலே சாவி செய்திருக்கிறார்கள்.

படம் வந்த பிறகு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. கார்பாக்சில் இருந்தால் அது ஆர்ஜினைன் 120-ஐப் பிடிக்கும் என்றுதானே சொன்னோம்? டைக்ளோஃபெனாக் தலைகீழாக உட்கார்ந்திருந்தது. அதன் கார்பாக்சில் மேல் முனைக்குப் போய் டைரோசின் 385, செரின் 530 இரண்டோடும் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டிருந்தது. 2003-ல் வெளியான ஆய்வு இது. தொகுதி ஒன்றுதான், ஆனால் மொத்த வடிவம் மாறினால் அது உட்காரும் இடமே மாறிவிடுகிறது.

ஒரே ஒரு கார்பன்

523-ஆம் இடத்தின் கதைக்கு வருவோம். காக்ஸ்-1-இல் அங்கே ஐசோலூசின் இருக்கிறது. காக்ஸ்-2-இல் வாலின். இரண்டு அமினோ அமிலத்துக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சி.எச்.2 தான். வாலின் கொஞ்சம் சின்னது என்பதால் காக்ஸ்-2-இன் சுவரில் ஒரு பக்க அறை திறந்திருக்கிறது. காக்ஸ்-1-இல் அந்த அறையின் கதவை ஐசோலூசின் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

செலிகாக்சிப் இந்த அறைக்காகவே அமைந்தது மாதிரி இருக்கும். அதில் கார்பாக்சில் கிடையாது. பதிலாக ஒரு சல்ஃபோனமைடு தொகுதி நீட்டிக்கொண்டிருக்கும். அது பக்க அறைக்குள் போய் வசதியாக உட்காரும். காக்ஸ்-1-இல் அதற்கு இடமில்லை. வயிற்றுப் பாதிப்பு குறைந்தது.

டைக்ளோஃபெனாக்கையே எடுத்து ஒரு குளோரினை ஃப்ளோரினாக மாற்றி, இன்னொரு வளையத்தில் ஒரு மெத்தில் சேர்த்தார்கள். லூமிராகாக்சிப் கிடைத்தது. இந்தச் சின்ன மாற்றத்திலேயே அது காக்ஸ்-2-ஐ மட்டும் குறிவைக்கும் மருந்தாகிவிட்டது. சந்தோஷப்படுவதற்குள் கல்லீரல் பாதிப்பு தெரிந்து 2007-ல் ஆஸ்திரேலியாவில் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன்பே, 2004 செப்டம்பரில், ரோஃபெகாக்சிப் மாரடைப்பு அபாயத்தால் உலகம் முழுவதும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. காக்ஸ்-2-ஐ மட்டும் மூடும்போது ரத்தக்குழாய்ச் சுவரின் பாதுகாப்புப் பொருள் குறைகிறது. தட்டுகளில் காக்ஸ்-1 உருவாக்கும் உறைவுப் பொருள் அப்படியே இருக்கிறது. தராசு சாய்ந்துவிடுகிறது.

பூட்டுக்குள் கச்சிதமாகப் பொருந்துவது பாதி வேலைதான் என்று இதிலிருந்தே தெரிகிறது. உடம்பு அந்தச் சாவியை என்ன செய்கிறது என்பது மீதிப் பாதி. அதைத்தான் அசெக்ளோஃபெனாக்கில் பார்க்கப் போகிறோம்.

முகமூடி போட்ட டைக்ளோஃபெனாக்

நீங்கள் வரைந்த டைக்ளோஃபெனாக்கின் கார்பாக்சில் முனைக்குப் போங்கள். அங்கே கிளைகாலிக் அமிலத்தை எஸ்டர் பிணைப்பில் கோர்த்துவிடுங்கள். அவ்வளவுதான், அசெக்ளோஃபெனாக். மூலக்கூறு எடை 296-லிருந்து 354 ஆகிறது. கூடியது 58. இரண்டு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

எஸ்டர் பிணைப்பு தண்ணீரில் உடையக்கூடியது என்று பன்னிரண்டாம் வகுப்பிலேயே படித்தோம். உடம்பில் அதை உடைக்கத் தனி நொதிகளே இருக்கின்றன. உடைந்தால் என்ன வரும்? டைக்ளோஃபெனாக். மனித உடம்பில் ஒரு சிறு பகுதிதான் அப்படி மாறுகிறது, பெரும்பகுதி வேறு வழியில் போகிறது. ஆனால் இரண்டுமே கடைசியில் போய் மூடுவது அதே காக்ஸ் பூட்டுகளைத்தான். அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது.

ஹாஸ்டலில் ஒரு பையனுக்கு வயிறு எரிந்ததோடு இது முடிந்திருந்தால் கட்டுரையே தேவையில்லை. இதே எஸ்டரைக் கவனிக்காமல் விட்டதற்கு நம் நாடு கொடுத்த விலை பெரியது.

பாறு கழுகுகளின் கதை

உங்கள் ஊரில் வயதானவர்களிடம் பிணந்தின்னிக் கழுகு பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல தமிழில் அதற்குப் பாறு என்று பெயர். செத்த மாட்டைச் சில மணி நேரத்தில் எலும்பாக்கிவிடும் துப்புரவுப் பணியாளர். 1990-களில் இந்தியாவில் அவை கொத்துக் கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க வேண்டுமென்றால் முதுமலை, சத்தியமங்கலம், மோயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும்.

காரணம் 2004-ல் தெரிந்தது: டைக்ளோஃபெனாக். மாட்டுக்கு வலி ஊசி போடுகிறார்கள். மாடு செத்துப்போனால் மருந்து உடலில் தங்கியிருக்கிறது. அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளைப் பொடியாகப் படிந்து, சில நாட்களில் சாகிறது. நூறு மாட்டுச் சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள்.

2006-ல் மத்திய அரசு கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய பாட்டில் ஊசி மருந்து மாட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. அதனால் 2015-ல் மனித ஊசியையும் 3 மி.லி. ஒற்றை டோஸாகக் குறைத்தார்கள். அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் போட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் அரசின் முடிவே சரி என்றது.

இவ்வளவும் நடக்கும்போது மாட்டுக்கு அசெக்ளோஃபெனாக் போடுவதற்குத் தடையே இல்லை! சட்டத்தில் டைக்ளோஃபெனாக் என்ற பெயர் மட்டும்தான் இருந்தது. மாட்டின் உடம்பில் அசெக்ளோஃபெனாக் வேகமாக டைக்ளோஃபெனாக்காக மாறிவிடுகிறது என்று 2016-ல் ஆய்வு வந்தது. கீட்டோபுரூஃபனோடு சேர்த்து அது தடை செய்யப்பட்டது 2023-ல். முதல் தடைக்கும் இதற்கும் 17 வருஷம். நாம் இப்போது தாளில் ஒரு நிமிஷத்தில் வரைந்த எஸ்டர் அது.

சரி, மாட்டுக்கு வலித்தால் என்ன கொடுப்பது? மெலாக்சிகாம் கொடுக்கலாம். அதுவும் காக்ஸைத்தான் மூடுகிறது. கார்பாக்சில் இல்லாத வேறு அமைப்பு, ஆனாலும் செரின் 530 பக்கம்தான் போய் உட்காருகிறது. பாறின் உடம்பில் மெலாக்சிகாம் சீக்கிரம் சிதைந்து வெளியேறிவிடுகிறது. டைக்ளோஃபெனாக் பல மணி நேரம் தங்குகிறது. பூட்டு ஒன்றே என்றாலும் தங்கும் நேரம் வேறு.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். டோல்ஃபெனாமிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு வளையம், நடுவே என்.எச். பாலம், ஒரு குளோரின், ஒரு மெத்தில், ஒரு கார்பாக்சில். பார்த்தால் டைக்ளோஃபெனாக்கின் பங்காளி என்றே சொல்வோம். ஆனால் பாறுகளிடம் சோதித்தபோது பாதுகாப்பானதாகத் தெரிந்தது. ஆக, கட்டமைப்பைப் பார்த்தால் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று தெரியும். தீர்ப்பை லேப்தான் சொல்ல வேண்டும்.

அப்போ நாம என்ன செய்யணும்?

* அட்டையில் பெரிசாக இருக்கும் பிராண்ட் பெயரை விடுங்கள். கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். அட்டையைக் கிழிக்கும்போது அந்தப் பகுதி போய்விடாமல் பாருங்கள்.
* டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், நாப்ராக்சன், மெஃபெனாமிக் அமிலம் எல்லாம் காக்ஸ் பூட்டுக்கான சாவிகள். டாக்டர் சொல்லாமல் இரண்டைச் சேர்த்துப் போடாதீர்கள்.
* கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலும் 325 மி.கி. பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். தனியாக 650 போடும்போது அதையும் கணக்கில் சேருங்கள்.
* மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை இந்த வகை மாத்திரைகளையும் ஆஸ்பிரினையும் தொடாதீர்கள். ரத்தத் தட்டுகள் ஏற்கெனவே குறையும் நேரத்தில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். அளவான பாராசிட்டமாலோடு டாக்டரைப் பாருங்கள்.
* வீட்டில் மாடு, ஆடு இருந்தால், வலி ஊசி போட வருகிறவரிடம் "என்ன மருந்துங்க?" என்று கேளுங்கள். மெலாக்சிகாம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

செய்து பாருங்கள்

புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்தில் சைக்ளோஆக்சிஜனேஸ் என்று தேடினால் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், செலிகாக்சிப், மெலாக்சிகாம் உட்கார்ந்த படங்கள் இலவசமாகக் கிடைக்கும். பைமால் மென்பொருளில் திறந்து ஆர்ஜினைன் 120, செரின் 530 இரண்டுக்கும் கலர் கொடுங்கள். ஐபுபுரூஃபனின் கார்பாக்சில் எந்தப் பக்கம், டைக்ளோஃபெனாக்குடையது எந்தப் பக்கம் என்று நீங்களே பார்க்கலாம். ஆட்டோடாக் வினா தெரிந்தவர்கள் டைக்ளோஃபெனாக்கின் இரண்டு குளோரினையும் எடுத்துவிட்டு டாக்கிங் செய்து, மூலக்கூறு உட்காரும் விதம் மாறுகிறதா என்று கவனியுங்கள். மினி புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்!

நண்பனின் முட்டி சரியாகிவிட்டது, மறுபடி வாலிபால் ஆடுகிறான். போன வாரம் அவன் அம்மா போனில் ஏதோ மாத்திரை பேர் சொல்ல, "அம்மா, அட்டையத் திருப்பி கீழ சின்னதா என்ன எழுதியிருக்குன்னு படிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நீங்களும் இன்றைக்கு வீட்டுக்குப் பேசும்போது ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.